முப்பத்தொரு கோப்பை

1. காணாமல் போன ஒன்பது வருடம்

மொன்றியலுக்கு வந்து முதல் ஒன்பது வருடம் நான் கோப்பை கழுவினேன். எங்கள் பக்கம் சாப்பாட்டுத் தட்டைக் கோப்பை என்றுதான் சொல்வோம். மன்னாரில் பிள்ளைகளுக்கு இரசாயனவியல் படிப்பித்த மனுசன், இங்கே ஒரு கிரேக்கச் சாப்பாட்டுக் கடையின் பின்பக்கத்தில் நின்று, ஒரு நாளைக்கு எத்தனை நூறு என்று எண்ணாமல் கழுவிக்கொண்டிருந்தேன். இப்போது இதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை. அப்போது இருந்தது. அதனால் வேலைக்கு விண்ணப்பம் எழுதும்போது அந்த ஒன்பது வருடத்தையும் எழுதாமல் விட்டுவிடுவேன். பார்த்தவர்கள் இவன் மறியலில், அதுதான் சிறையில், இருந்துவிட்டு வந்தவன் என்று நினைத்திருப்பார்கள். ஒருவரும் கூப்பிடவில்லை.

இரண்டாயிரம் பிறந்து இரண்டொரு வருடம் கழிந்திருக்கும். சென்ட் லோரன்ட்டில் ஒரு டிஷ் லிக்விட் தொழிற்சாலையிலிருந்து லாப் டெக்னீஷியன் வேலைக்கு நேர்முகத்துக்கு வரச் சொன்னார்கள். நான் குடியிருந்த லாசாலிலிருந்து இரண்டு பஸ் மாறிப் போனேன். எதிரே உட்கார்ந்திருந்தவர் சீஃப் கெமிஸ்ட் சாலமன். எழுபதை எட்டிக்கொண்டிருந்த யூதர், ருமேனியாவில் பிறந்தவர். குட்டையான ஆள். சட்டைப் பையில் எப்போதும் மூன்று பேனை இருக்கும். மூன்றும் எழுதாது.

அவர் பேசிய ஆங்கிலத்தில் அரைவாசி ருமேனியன், கால்வாசி பிரெஞ்சு. அதை அப்படியே எழுத எனக்கு வராது. அவர் எங்கள் ஆளாகப் பிறந்திருந்தால் எப்படிக் கதைத்திருப்பாரோ அப்படி எழுதுகிறேன். மற்றவர்கள் பேச்சையும் அப்படித்தான்.

"இதில ஒன்பது வருசம் காணேல்லை. எங்க வைச்சனீர்?" என்று கேட்டார்.

பொய் ஒன்று யோசித்து வைத்திருந்தேன். நேரத்துக்கு வரவில்லை. "கோப்பை கழுவினனான், சேர்."

மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். "கையாலயோ, மெஷினாலயோ?"

"கையால. மெஷின் உடைஞ்சு போச்சு."

"ஒன்பது வருசமுமோ?"

"ஓம், சேர்."

எழுந்து வந்து என் இரண்டு கையையும் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "முப்பது வருசமா கோப்பை கழுவுற சோப்புச் செய்யிறன். கோப்பை கழுவத் தெரிஞ்ச ஒரு கெமிஸ்ட் இதுவரைக்கும் என்னட்ட வந்ததில்லை. திங்கக்கிழமை வாரும்."

ஆறு மாதத்துக்குத் தற்காலிக வேலை. அதற்குப் பிறகு நிரந்தரமாக்குவதா, வீட்டுக்கு அனுப்புவதா என்று பார்ப்பார்களாம். வீடு என்றால் எனக்குத் திரும்பவும் அந்தக் கிரேக்கக் கடைதான்.

2. ஹெர்மன் குடும்பம்

சாலமன் தான் கெமிஸ்ட் ஆன கதையை முதல் வாரமே சொன்னார். பிறகு ஒவ்வொரு கிழமையும் சொன்னார். புக்கரெஸ்ட்டில் சோப்புத் தொழிற்சாலையில் வேலை செய்தவர். நாட்டைவிட்டு வெளிக்கிடும்போது பட்டச் சான்றிதழை அங்கேயே விட்டுவிட்டு வரவேண்டியதாயிற்று. இரண்டு வருடம் ஹைஃபாவில் எண்ணெய் ஆலையொன்றில் நின்றார். பிறகு மொன்றியல். வந்து இறங்கியது பெப்ரவரியில், போட்டிருந்தது வெயில் காலச் சப்பாத்து.

கிடைத்த வேலை, உரோமக் கோட்டுகளுக்குச் சாயம் போடும் பட்டறையில் தரை கூட்டுவது. ஒரு நாள் சாயத் தொட்டியிலிருந்து கறுப்பாக வரவேண்டிய கோட்டுகள் பச்சையாக வந்தன. சாயக்காரர் தலையில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். தும்புத்தடியோடு நின்ற சாலமன் தொட்டிக்குள் ஒரு விரலை விட்டு, அதை நாக்கில் வைத்துப் பார்த்து, "அசிட் காணாது, இன்னும் ஊத்தவேணும்" என்றார். நீங்கள் ஒருவரும் இதைச் செய்ய வேண்டாம். அவருடைய நாக்கு வேறு மாதிரி.

"நீ ஆர்?" என்று முதலாளி கேட்டாராம்.

"கெமிஸ்ட்."

"சான்றிதழ்?"

"இல்லை."

"அடுத்த கோட் கறுப்பா வந்தா நீ கெமிஸ்ட். பச்சையா வந்தா தும்புத்தடி."

கறுப்பாக வந்தது. "என்ட டிப்ளோமாவை ஆரோ ஒரு மனிசி உடுத்துக்கொண்டு திரியிறா" என்று சொல்லி முடிப்பார். கதை கேட்டவர் சிரிக்காவிட்டால் முதலிலிருந்து தொடங்குவார். அதனால் எல்லோரும் சிரித்துவிடுவோம்.

அவருடைய மனைவி ரிவ்காவுக்கு ஹெர்மன் என்றொரு தம்பி. ரொறன்ரோவில் கம்பளம் விற்பவர். இவர்களுடைய கலியாண வீட்டில், சோப்புக் காய்ச்சுவதற்கும் ஒரு படிப்பு வேண்டுமா என்று கேட்டவராம். அன்றிலிருந்து பிழையாகிப்போன ஃபார்முலா எல்லாவற்றுக்கும் சாலமன் வைத்த பெயர் ஹெர்மன். நான் போனபோது புதிய டிஷ் லிக்விட் ஒன்றுக்கு முயற்சி நடந்துகொண்டிருந்தது. ஹெர்மன்-3 கலங்கியது. ஹெர்மன்-5 போத்தலுக்குள்ளேயே இரண்டாகப் பிரிந்தது. ஹெர்மன்-8 நான் கெடுத்தது. டிஷ் லிக்விட் தடிப்பாக வருவதற்கு உப்புப் போடுவோம். ஓரளவுவரை தடிக்கும், கொஞ்சம் கூடினால் திரும்பத் தண்ணீராகிவிடும். நான் கறிக்குப் போடுகிற கைக்கணக்கில் போட்டுவிட்டேன். சாலமன் பீக்கரைச் சாய்த்துப் பார்த்தார். கொப்பியில் 'ஹெர்மன் அழுகிறான்' என்று எழுதினார்.

இன்னொன்றையும் இங்கே சொல்லிவிட வேண்டும், பின்னால் தேவைப்படும். இவ்வளவு சோப்புச் செய்த மனுசன் வீட்டில் ஒரு கோப்பை கழுவியதில்லை. இறைச்சியும் பாலும் ஒன்றோடொன்று சேரக்கூடாது என்ற தங்கள் சமய முறையை ரிவ்கா சரியாகப் பார்க்கிறவர். குசினியில் இறைச்சி பட்ட பாத்திரத்துக்கு ஒரு தொட்டி, பால் பட்டதற்கு வேறு தொட்டி. அதற்குச் சிவப்புப் பஞ்சு, இதற்கு நீலப் பஞ்சு. கலியாணமான முதல் மாதமே சாலமன் பஞ்சை மாறி எடுத்துக் கழுவி, வீட்டிலிருந்த பாத்திரங்களில் அரைவாசியை வெளியே அனுப்பவைத்தார். அன்றோடு தொட்டிப் பக்கம் வரக்கூடாது என்று ரிவ்கா சொல்லிவிட்டார். சாலமன் அதைப் பெரிய விருது மாதிரிச் சொல்லிக்கொண்டு திரிவார்.

3. முப்பத்தொன்று

டிஷ் லிக்விட்டுக்குக் கடைசிப் பரீட்சை கோப்பை டெஸ்ட். ஒரு பேசினில் அளவான சுடுதண்ணீர், அளவான சோப்பு. நுரை எழுப்பிவிட்டு, ஒரே அளவு கொழுப்புப் பூசிய கோப்பைகளை ஒவ்வொன்றாகக் கழுவ வேண்டும். கொழுப்புக் கூடக்கூட நுரை குறையும். நுரை அடங்கும்வரை எத்தனை கோப்பை என்பதுதான் சோப்பின் மார்க்ஸ்.

அந்த வருடம் எங்களுக்கு ஒரே ஒரு பெரிய நம்பிக்கை இருந்தது. மலிவுக் கடைகள் பல வைத்திருக்கும் ஒரு கம்பனி தங்கள் பெயரில் விற்க டிஷ் லிக்விட் தேடியது. வாங்குவதற்குப் பொறுப்பான மதாம் போலின், இருபத்துநாலு கோப்பைக்குக் குறையக்கூடாது என்று சொல்லிவிட்டார். எங்கள் பழைய சோப்பு பதினைந்து. ஓடர் வந்தால் புது உற்பத்தி லைன் போடுவார்கள், என் வேலை நிரந்தரமாகும். வராவிட்டால் கடைசியாக வந்த நான்தான் முதலில் வெளியே போவேன். சாலமனுக்கும் ஓய்வுபெறும் வயது தாண்டிவிட்டது. ஹெர்மன் இல்லாத ஒரு பெயரோடு ஒரு சோப்பாவது செய்துவிட்டுப் போகவேண்டும் என்று அவருக்கு ஆசை.

பன்னிரண்டாவது ஃபார்முலா தெளிவாக வந்தது, தடிப்பாக வந்தது, பிரியவில்லை. பழைய டெக்னீஷியன் போய்விட்டதால் கழுவும் பொறுப்பு எனக்கு. குப்பைக்கூடையை இடது பக்கம் இழுத்து வைத்துக்கொண்டு தொடங்கினேன். சாலமன் பக்கத்தில் நின்று எண்ணினார். பதினைந்து தாண்டியது. இருபத்துநாலு தாண்டியது. முப்பத்தொன்றில்தான் நுரை அடங்கியது.

சாலமன் என்னைக் கட்டிப்பிடித்தார். என் கையில் இருந்த கொழுப்பு அவருடைய கோட்டில் பட்டது. லாப் கொப்பியில் 'செய்தவர்' என்ற இடத்தில் நான் கையெழுத்து வைத்தேன். 'சரிபார்த்தவர்' என்ற இடத்தில் அவர் வைத்தார். பிறகு 'ஹெர்மன்-12' என்று இருந்ததை வெட்டிவிட்டு 'ரிவ்கா' என்று எழுதினார். போத்தலிலும் பெரிய எழுத்தில் ரிவ்கா என்று ஒட்டினார்.

அப்போதே பழைய சோப்பையும் பக்கத்தில் வைத்துக் கழுவிப் பார்த்திருக்க வேண்டும். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்கு நானே சொல்லிக்கொடுத்த விஷயம். முப்பத்தொன்று வந்த சந்தோசத்தில் இரண்டு கெமிஸ்டுக்கும் அது மறந்துபோயிற்று. மிக்ஸரில் வேலை செய்த குலம் அண்ணை மாத்திரம் அந்தக் கிழமை ஒரு கேள்வி கேட்டார். குப்பை கொண்டுபோவதும் அவர்தான்.

"தம்பி, லாப் குப்பைக்கூடை ஒரே கொழுப்பாக் கிடக்கு. என்ன, அங்க சமைக்கிறியளோ?"

"டெஸ்ட் செய்யிறம் அண்ணை" என்று கொஞ்சம் பெருமையாகவே சொன்னேன்.

4. பதினேழு

மதாம் போலின் புரோசார்ட்டில் இருந்த தங்கள் அலுவலகத்துக்கு எங்களை வரச் சொன்னார். சாலமன் கழுத்துப் பட்டி கட்டியிருந்தார். மதாம் "போன்ஜூர்" என்றார், கைச்சட்டையை மடித்தார், தானே கழுவத் தொடங்கினார். மேசை நிறையக் கோப்பை அடுக்கியிருந்தது. பன்னிரண்டாவது கோப்பையில் நுரை மெலிந்தது. சாலமன் பட்டியைத் தளர்த்தினார். பதினேழில் நுரை போய்விட்டது. மதாம் பேசினைக் காட்டி, "முப்பத்தொண்டு எண்டு எழுதியிருக்கிறியள்" என்றார். கோபமாகச் சொல்லியிருந்தால் பரவாயில்லை. மரியாதையாகச் சொன்னார்.

இரண்டு கிழமை தவணை கேட்டுக்கொண்டு வந்தோம்.  காரில் சாலமன் கோட்டுக் கதையைக்கூடச் சொல்லவில்லை. 

5. தலைக்கு வைக்கிற எண்ணெய்

வந்ததும் திரும்பக் கழுவினேன். முப்பத்தொன்று. தண்ணீரின் சூட்டைப் பார்த்தோம், தராசைப் பார்த்தோம். முப்பத்தொன்று. கடைசியில் பழைய சோப்பை எடுத்துக் கழுவச் சொன்னார். பதினைந்து வரவேண்டிய இடத்தில் இருபத்தெட்டு வந்தது. சாலமன் கதிரையை என் பக்கம் இழுத்துப்போட்டு உட்கார்ந்தார்.

"பிரச்சினை சோப்பில இல்லை, அந்தோனி. உம்மில."

அவருடைய புதிய கொள்கை இதுதான்: என் உடம்பிலிருந்து ஏதோ ஒன்று தண்ணீரில் கலந்து நுரையைக் காப்பாற்றுகிறது.

"தலைக்கு என்ன பூசுறனீர்?"

"நல்லெண்ணெய்."

"நேற்று என்ன சாப்பிட்டனீர்?"

"புட்டும் மீன் குழம்பும்."

"குழம்புக்குள்ள என்ன போடுறவை?"

வெந்தயம் என்ற இடத்தில் நிறுத்தி இரண்டு முறை கோடு போட்டார். பிறகு என் இரண்டு கையையும் ஒரு லீற்றர் சுடுதண்ணீரில் பத்து நிமிடம் ஊறவைத்து, அந்தத் தண்ணீரைச் சிலிண்டரில் ஊற்றிக் குலுக்கி நுரையை அளந்தார். சைபர். கொப்பியில் 'அந்தோனி, கரைசல், நுரை 0' என்று எழுதினார். முதல் முறையாக என்னுடைய பெயரில் ஒரு பரிசோதனை முடிவு வந்த நாள் அது.

அவர் விடவில்லை. மூன்று நாள் எண்ணெய் இல்லை, வெந்தயம் இல்லை. என் மனைவி பிலோமினாவுக்குக் கோபம் வந்துவிட்டது.

"ஆர் சொன்னது? சோப்புக்காரரோ? நாளைக்கு உங்களைக் காய்ச்சியும் பாப்பார்."

மூன்றாம் நாள் காய்ந்த தலையோடு போய்க் கழுவினேன். முப்பத்தொன்று. ரப்பர் கையுறை போட்டுக் கழுவினேன். அப்போதும் முப்பத்தொன்று. பிறகு சாலமன் தானே கழுவிப் பார்த்தார். நாலாவது கோப்பை கையிலிருந்து வழுக்கி உடைந்தது. அதை முடிவு என்று எடுக்க முடியவில்லை.

"கோப்பை கழுவத் தெரிஞ்ச ஆள் ஒருத்தர் பாக்கவேணும்" என்றார். "எனக்கு ஒருத்தரைத்தான் தெரியும்."

6. ரிவ்காவின் நிலக்கீழறை

கோப்பைகளையும் பேசினையும் சோப்புப் போத்தலையும் கொழுப்பு வாளியையும் காரில் ஏற்றிக்கொண்டு அவருடைய வீட்டுக்குப் போனோம். ரிவ்கா கதவைத் திறந்தார். சாலமனைவிட உயரமான அம்மா. முதலில் வாளியைத்தான் பார்த்தார்.

"உது என்ன?"

"டெஸ்டுக்குப் பூசுற கொழுப்பு. மாட்டுக் கொழுப்பு, மா, கொஞ்சம் பால்மா."

"மாட்டுக் கொழுப்புக்குள்ள பாலோ?"

"சாப்பிடுறதுக்கு இல்லை ரிவ்கா. இது ஸ்டாண்டர்ட்."

"எவ்வளவு காலமா உதைக் கலக்கிறியள்?"

சாலமன் தலையைத் தூக்கி முகட்டைப் பார்த்தார். முப்பது வருடத்தில் இறைச்சியையும் பாலையும் எத்தனை வாளி ஒன்றாகக் கலந்திருப்பார் என்று நானும் யோசித்தேன். வாளி குசினிக்குள் வரக்கூடாது என்று உத்தரவாயிற்று. நிலக்கீழறையில் உடுப்புத் தோய்க்கிற தொட்டிக்குப் பக்கத்தில் வைத்துச் செய்யச் சொன்னார். தான் படிக்கட்டில் உட்கார்ந்துகொண்டார்.

முதல் கோப்பையை எடுத்துக் கழுவினேன்.

"நில்லும்" என்றார் ரிவ்கா. "இடது கை இப்ப என்ன செய்தது?"

"ஒண்டும் செய்யேல்லை, அம்மா."

"அப்ப அது என்ன?"

அவர் காட்டிய இடத்தைத் திரும்பிப் பார்த்தேன். என் இடது பக்கத்தில் ஒரு கூடை. கூடையில் சாலமனின் வெள்ளைச் சட்டைகள், தோய்த்து மடித்து வைத்தவை. மேல் சட்டையில் ஒரு பெரிய கட்டிக் கொழுப்பு உட்கார்ந்திருந்தது.

"இன்னொருக்கா செய்யும். மெதுவா."

செய்தேன். என் கையை நானே அன்றைக்குத்தான் பார்த்தேன். கோப்பை தண்ணீருக்குள் போகுமுன்னர், இடது உள்ளங்கையின் ஓரம் அதை ஒரு சுற்று வழித்து, கொழுப்பைப் பக்கத்தில் வீசிவிட்டு வந்தது. கண்ணை மூடித் திறக்கும் நேரம்தான். கிரேக்கக் கடையில் முதல் நாள் சொல்லிக்கொடுத்த வேலை. ஒன்பது வருடம் செய்து செய்து, அது செய்வது எனக்கே தெரியாமல் போய்விட்டது. லாப்பில் இடது பக்கம் குப்பைக்கூடை இருந்தது. இங்கே சட்டைக் கூடை.

கோப்பை கழுவுகிற யாராக இருந்தாலும் முதல் நாளே கண்டுபிடித்திருப்பார்கள். என் பக்கத்தில் நின்று எண்ணியவர் ஒரு கோப்பையும் கழுவாதவர்.

ரிவ்கா கையுறை போட்டுக்கொண்டு வந்து தானே கழுவினார். பதினேழு. பிறகு போத்தலைத் திருப்பினார். பெரிய எழுத்தில் எழுதியிருந்ததைப் படித்தார்.

"பதினேழுக்கோ என்ட பேர் வைச்சனீங்கள்?"

"முப்பத்தொண்டுக்கு வைச்சது" என்றார் சாலமன், மிகவும் சின்னக் குரலில்.

"ஹெர்மன் எண்டு மாத்துங்கோ."

7. நியமனக் கடிதம்

அடுத்த நாள் குலம் அண்ணையிடம் சொன்னேன். "நான் அப்பவே கேட்டனான் எல்லோ" என்றார்.  அதுவே போதுமாக இருந்தது.

மதாம் போலினிடம் யார் சொல்வது என்று எனக்கும் சாலமனுக்கும் வாக்குவாதம். சரிபார்த்தேன் என்று கையெழுத்து வைத்தவன் தான் என்றார் அவர். வழித்த கை என்னுடையது என்றேன் நான். இரண்டு பேரும் போனோம்.  நான் பேசத் தொடங்கும்போது கிரேக்கக் கடையின் ஈரத் தரை கண்ணுக்குள் வந்து நின்றது. அந்த ஒன்பது வருடத்தை யாருக்கும் சொல்லாமல் மறைத்தவன், ஒரு வாடிக்கையாளருக்கு முன்னால் முழுதாகச் சொன்னேன். வேலை போவதென்றால் சொல்லிவிட்டே போகட்டும் என்று இருந்தது.

மதாம் கையைக் கட்டிக்கொண்டு கேட்டார். பிறகு, "செய்து காட்டும்" என்றார். வழித்துக் கழுவினேன். முப்பத்தொன்று வரைக்கும் அவரே எண்ணினார்.

"உங்கட சோப்பு பரவாயில்லை. இந்தக் கைதான் நல்லாயிருக்கு. இதை விக்கேலுமோ?"

பகிடிக்குத்தான் கேட்டார். ஆனால் அந்தப் பகிடியைப் பிடித்துக்கொண்டு அவரே மேலே போனார். கடைசியில், ஒவ்வொரு போத்தலின் கழுத்திலும் ஒரு சின்ன மஞ்சள் ரப்பர் வழிப்பான் கட்டி விற்பது என்று முடிவாயிற்று. லேபிளில் இரண்டு எண்ணும் போட்டோம். வழிக்காமல் கழுவினால் பதினேழு, வழித்துவிட்டுக் கழுவினால் முப்பத்தொன்று. முதலில் பேசிய ஓடரில் அரைவாசிதான் தந்தார். ஒரு லைன் ஓட அது போதும். கொப்பியில் அந்தச் சோப்பு இன்றைக்கும் ஹெர்மன்-12 தான்.

என் வேலை நிரந்தரமாயிற்று. நியமனக் கடிதத்தில் சாலமன் ஒரு வரி சேர்த்திருந்தார்: 'இந்தப் பணியாளர் எக்காரணம் கொண்டும் கோப்பை கழுவும் சோதனையில் கைவைக்கலாகாது.' பஸ்ஸுக்குள் வைத்து அதை நாலைந்து தரம் படித்தேன். நான் இனிக் கோப்பை கழுவக்கூடாது என்று கனடாவில் ஒருவர் முத்திரை குத்தி எழுதித் தந்திருக்கிறார். பக்கத்தில் இருந்தவர் பார்க்கிறார் என்று தெரிந்தும் கண்ணீர் வந்துவிட்டது. வீட்டுக்குப் போய் பிலோமினாவுக்குக் காட்டினேன். முழுதாகப் படித்தார்.

"இது லாப்புக்குத்தானே? குசினிக்குச் செல்லாது. போய்க் கழுவுங்கோ."

அடுத்த கோடையில் சாலமன் ஓய்வுபெற்றார். கடைசி நாள் மத்தியானம், கேக் வெட்டி முடிந்து எல்லோரும் போனபிறகு, லாப்புக்கு வந்து கதவைச் சாத்தினார். ரிவ்காவுக்கு மணிக்கட்டில் ஒப்பரேஷன் செய்திருந்தார்கள்.

"திங்கக்கிழமையிலயிருந்து நான்தானாம் கழுவவேணும். ரெண்டு தொட்டியும்." சொல்லிவிட்டுப் பேசினைப் பார்த்தார். மனுசன் உண்மையாகவே பயந்துபோயிருந்தார். "அந்த இடது கை எப்பிடிப் போறது எண்டு காட்டும்."

அன்றைக்கு ஒரு நாள் மட்டும் நியமனக் கடிதத்தை மீறினேன். சிவப்புப் பஞ்சு இறைச்சிக்கு, நீலப் பஞ்சு பாலுக்கு என்று முதலில் ஒரு தாளில் எழுதிக் கொடுத்தேன். பிறகு கையைக் காட்டினேன். அவர் வழித்த கொழுப்பு முதலில் என் சப்பாத்தில் விழுந்தது, பிறகு ஜன்னலில் பட்டது. இரண்டு கோப்பை உடைந்தன. நேரம் போகப் போகக் கூடைக்குள் விழத் தொடங்கியது. இருபத்திரண்டாவது கோப்பையில் நுரை அடங்கியபோது அவருடைய முகத்தைப் பார்த்திருக்க வேண்டும்.

இளம் பிள்ளைகளுக்கு நான் சொல்லக்கூடியது இவ்வளவுதான். பிழையான எண் வந்தால் எல்லோரும் தேடுவார்கள். நல்ல எண் வரும்போதுதான் ஒருவரும் தேடுவதில்லை. அப்போது மெஷினையும் மருந்தையும் பார்க்க முதல், செய்த கையைப் பாருங்கள். அந்தக் கை எங்கே பழகியது என்று கேளுங்கள். சொல்ல வெட்கப்படுகிற இடத்தில்தான் விடை இருக்கும்.

அன்றைய பக்கம் லாப் கொப்பியில் இன்னும் இருக்கிறது. பேனை என்னிடம்தான் வாங்கினார், அவருடைய மூன்றும் எழுதவில்லை. முடிவு: இருபத்திரண்டு. குறிப்பு: ஹெர்மனைவிடப் பரவாயில்லை. வழக்கமாகக் கையெழுத்து வைக்கிற இடத்தை விட்டுவிட்டு, 'செய்தவர்' என்ற இடத்தில் சாலமன் என்று எழுதினார். பிறகு கொப்பியை என் பக்கம் தள்ளினார். 'சரிபார்த்தவர்' என்ற இடம் வெறுமையாக இருந்தது. கையைத் துடைத்துவிட்டு அதில் நான் கையெழுத்து வைத்தேன்.